முதல் இருட்டு

அத்தியாயம் 17

போன வாரம் அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டதோடு விட்டிருந்தோம். கதவு இன்னும் திறக்கவில்லை.

கோபத்துக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, மகன் ஷிப்ட் பஸ் ஓட்டுகிற வேலையை விட்டுவிட்டு நெடுந்தூர ராத்திரி பஸ் ஓட்ட நாளைக் காலை கிளம்புகிறான். இன்னொன்று, மகள் இன்று பெரிய விளக்கை அணைக்கப் போகிறாள்.

புதிதாகச் சேர்ந்துகொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய விளக்கு என்பது விளக்கே இல்லை. எண்ணெய் வயலின் ஓரத்தில் நிற்கிற உயரமான இரும்புக் குழாய். கிணறுகளில் எண்ணெயோடு சேர்ந்து வருகிற வாயுவைப் பிடித்துவைக்க வழி தெரியாத காலத்தில் அதன் உச்சியில் கொளுத்திவிட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக இரவு பகல் பாராமல் எரிகிறது. பொறியாளர்கள் அதை ஃப்ளேர் என்பார்கள். காலனியில் பிறந்த குழந்தைக்கு அது பெரிய விளக்குதான்.

அந்த நெருப்புக்கு மிக அருகில் இருப்பது நம் பெரியவளின், அதாவது அதை அணைக்கப் போகிற மகளின், வீடு. காலனியில் யாரும் சீந்தாத வீடு. துவைத்துக் காயப்போட்ட துணியில் கரி படியும். ஜன்னல் கண்ணாடி எந்நேரமும் மெல்ல அதிரும். கோடையில் மேற்குச் சுவரைத் தொட முடியாது. இந்த வீட்டைத்தான் வேண்டும் என்று, அப்பா உயிரோடு இருந்த காலத்திலேயே, அம்மா கேட்டு வாங்கினாள். பெரியவள் பெட்ரோலியப் பொறியாளராகி, அவளுக்கென்று தோட்டத்தோடு மாடி வீடு ஒதுக்கியபோதும், "இங்கேயிருந்து என்னைக் கெளப்பணும்னா நாலு பேரை வரச்சொல்லு" என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் யார் வாயைத் திறப்பது?

பெரியவளுக்கு வீட்டின் மேல் ஒரு குறையும் இல்லை. சின்ன வயசில் ராத்திரி என்றாலே ஆரஞ்சு நிறம் என்று நினைத்திருந்தாள். படுத்தபடி சுவரைப் பார்த்தால் வேப்பமரத்தின் நிழல் அசைந்துகொண்டே இருக்கும். காற்று திரும்பினால் நிழல் கூரைவரை ஏறி, மறுபடி இறங்கிவரும். அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப் பழகியவள் அவள். நடுநிசியில் காக்கை கத்தும், பொழுது விடிந்துவிட்டதென்று நினைத்து. அதுவும் பழகிவிட்டது.

அதைத்தான் இன்று அணைக்க வேண்டும். ஐந்து வருஷமாக அவள் தலையில் வேறு யோசனையே கிடையாது.

காலையில் காபியை மூடி, சாத்திய கதவின் முன் வைத்துவிட்டுச் சொன்னாள். "அம்மா, நான் கெளம்பறேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சாயங்காலம் சீக்கிரம் வந்துடுவேன்."

"அணைச்சுட்டுத்தானே வருவ?"

"ஆமாம்மா."

"அப்போ வராட்டியும் பரவாயில்ல."

பெரியவள் ஒரு நிமிஷம் கதவையே பார்த்தபடி நின்றாள். நெருப்பின் மேல் ஒருத்திக்கு இத்தனை பாசமா என்று அவளுக்குப் புரியவில்லை. அவளுக்கும் அது பிடித்ததுதான். ஆனாலும் அவளே தன் கையால் அணைக்கத் துணிந்துவிட்டாளே! வலித்தது. வலியை உள்ளே போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

வாசலில் பஸ்ஸை உறுமவிட்டுக்கொண்டு தம்பி காத்திருந்தான். தம்பிக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று, வழங்குகிற பெயர் வேறு. 'தடால்' என்றால்தான் காலனிக்குத் தெரியும். சினிமா தியேட்டருக்குள் நுழைந்தால் வரிசையாக எல்லோர் காலையும் மிதித்துக்கொண்டு போவான். ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினால் உள்ளே ஏதாவது உருளுகிற சத்தம் கேட்கும். சிரித்துச் சிரித்தே இருபது வருஷம் ஓடிவிட்டது. ஆனால் பஸ்ஸை மட்டும் அவன் ஒரு கல்லில்கூட உரசியதில்லை. அதுவும் ராத்திரி ஷிப்டில், காலனிக்கும் வயலுக்கும் நடுவிலுள்ள வளைவுகளில், கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிப் போகிற மாதிரி ஓட்டுவான்.

"என்னக்கா, அம்மா இன்னும் மௌன விரதமா?"

"விரதம் என் மேல மட்டும் இல்ல. நீயும் நாளைக்குப் போறதுல அவங்களுக்கு ஒரே ஆத்திரம்."

"பின்ன என்ன பண்றது? இதே ரோட்டுல போய்ப் போய் வர்றேன். எனக்கு முப்பது வயசாகப் போகுது. அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்க வேண்டாமா?"

"ஓட்டேன். யார் வேண்டாங்கறா?"

"அம்மாதான். சின்ன வயசுலேர்ந்து எங்க போனாலும் பொழுது சாயறதுக்குள்ள வந்துடு, வந்துடு. காலேஜ் டூருக்குக்கூட விடல. நான் என்ன பொம்பளைப் பிள்ளையா?"

"பொம்பளைப் பிள்ளை நான் நைட் ஷிப்டு பாத்தப்ப ஒண்ணும் சொல்லல."

"அதான் சொல்றேன்!"

இருவரும் சிரித்தார்கள். வளைவு திரும்பியதும் எதிரே நெருப்பு முழுசாகத் தெரிந்தது. பகல் வெளிச்சத்தில் அதற்கு அவ்வளவு எடுப்பு இல்லை. மேலே காற்று மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கவாக்கா?" என்றான் தம்பி. "எண்ணெய் எடுக்கறதே நீங்க. பூமி சூடாகுது, புகை வேண்டாம்னு சொல்றதும் நீங்க. எடுக்கறதையே நிறுத்திட்டாப் போச்சே?"

"நிறுத்தற நாள் வரும். வரணும். ஆனா அது வர்றவரைக்கும் இந்த நெருப்பு சும்மா இருக்குமா? யாருக்கும் ஒரு பிரயோஜனம் இல்லாம எரியுது. ஒரு அடுப்பு எரியல, ஒரு மோட்டார் ஓடல. புகை மட்டும் மேல போகுது. அதை முதல்ல நிறுத்தலாம் இல்ல?"

"சும்மா குழாயை மூடிட்டா?"

"மூடினா வாயு எங்க போகும்? எரிக்காம வெளியில விட்டா எரிக்கிறதைவிட ரொம்பக் கெடுதல். அதனாலதான் பிடிச்சு, அழுத்தி, எந்தப் பாறைலேர்ந்து வந்துதோ அதே பாறைக்குள்ள திருப்பி அனுப்பறோம். கீழ எண்ணெய் ஏரி மாதிரி நிக்கும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. அது பஞ்சு மாதிரி பாறை. எண்ணெய் எடுத்த இடம் காலியாத்தான் கிடக்கு."

"வாடகைக்கு விட்ட வீட்டுக்குப் பழைய ஆளே திரும்பி வர்ற மாதிரி."

"அதேதான். ஆனா கதவை ரொம்ப வேகமாத் தள்ளக் கூடாது. பாறை விரிசல் விடும். எவ்வளவு தள்ளலாம்னு கண்டுபிடிக்கத்தான் அஞ்சு வருஷம் ஆச்சு எனக்கு."

தம்பி ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். "அஞ்சு வருஷமா ஒரு நெருப்பை ஊதி அணைக்கிற ஒரே ஆள் நீதான்க்கா."

•

மாலை வெயில் சாயத் தொடங்கியபோது அணைத்தார்கள்.

பெரிய ஆரவாரம் ஒன்றும் இல்லை. கண்ட்ரோல் ரூமில் மேனேஜர், இரண்டு ஆபரேட்டர்கள், பெரியவள். வாயுவை அழுத்தி அனுப்புகிற புதுக் கம்ப்ரஸர் முதலில் முனகியது, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. நெருப்புக்குப் போய்க்கொண்டிருந்த வாயு கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் திரும்பியது. கம்ப்ரஸர் என்றைக்காவது நின்றுபோனால் வாயு பழைய வழியில் ஏறி, உச்சியில் தானே பற்றிக்கொள்ளும். அந்த ஏற்பாடும் அவளுடையதுதான். எரியாத வாயு ஒரு மூச்சுகூட வெளியே போகக் கூடாது என்பதில் அவளுக்கு அவ்வளவு பிடிவாதம்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

நெருப்பு குள்ளமானது. மஞ்சளாக இருந்தது நீலமானது. குழாயின் உதட்டில் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு இல்லை.

அப்புறம்தான் அது நடந்தது. அமைதி வந்தது.

சின்ன வயசிலிருந்தே காதுக்குள் இருந்த இரைச்சல் போய்விட்டது. அப்படி ஓர் இரைச்சல் இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் தெரிந்தது. மேனேஜர் வழக்கம்போல் கத்திப் பேசி, தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டார். வெளியே எங்கோ ஒரு தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வெல்டர் தன் கைக்கடிகாரத்தைக் காதருகே வைத்துப் பார்த்தார். புல்லுக்குள் காற்று போகிற சத்தம் கேட்டது. பெரியவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. சந்தோஷமா துக்கமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான்.

"கங்கிராட்ஸ் மேடம்," என்றார் மேனேஜர், ரகசியம் சொல்வதுபோல்.

"ராத்திரி தாண்டட்டும் சார்."

"அதான் எல்லாம் பச்சைல இருக்கே. வீட்டுக்குப் போங்க. உங்க தெருவுல இன்னைக்குத்தான் மொதல் தடவையா ராத்திரி வரப்போகுது. போய்ப் பாருங்க."

•

அவர் சொன்னது சரிதான். அந்தத் தெருவுக்கு இதுவரை ராத்திரியே வந்ததில்லை.

தெருவிளக்கு வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றியதே இல்லை. பெரியவள் சண்டை போட்டுத்தான் புதுக் கம்பங்கள் வந்திருந்தன. அவையும் நடப்படாமல் ரோட்டோரமாகப் படுத்துக்கிடந்தன. ஆஃபீஸ் வேலை என்றால் அப்படித்தானே!

பொழுது சாயச் சாய ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள். நாற்காலி போட்டுக்கொண்டவர்கள், சுவரில் ஏறி உட்கார்ந்தவர்கள், சும்மா கைகட்டி நின்றவர்கள். எதிர்வீட்டு நர்ஸ் ஷிப்ட் முடிந்த சீருடையோடு நடுரோட்டில் நின்றுகொண்டு உத்தரவு போட்டாள்.

"எல்லாரும் வீட்டு லைட்டை அணைங்க! ஒரு பத்து நிமிஷம்! ஏய், மாடி வீட்டுக்காரரே, உங்களுக்குத் தனியாச் சொல்லணுமா?"

ஒவ்வொன்றாக அணைந்தது. மேற்கே மிச்சமிருந்த சிவப்பும் வடிந்தது.

"வந்துடுச்சு," என்றது ஒரு குழந்தை.

வானம் முழுக்க வந்துவிட்டது. முதலில் ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு எண்ணுகிறவர்கள் விட்டுவிட்டார்கள். யாரோ புடவை உதறியதுபோல் வடக்கிலிருந்து தெற்குவரை மங்கலாக வெள்ளை. பெரியவள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் இது இங்கேயே இருந்ததா? நம் தலைக்கு மேலேயா? நடந்தால் மிதக்கிற மாதிரி இருந்தது. அறிமுகமில்லாதவர்களைப் போல் அக்கம்பக்கத்தார் ஒருவரோடொருவர் மெல்லப் பேசிக்கொண்டார்கள். பழகிய முகங்கள் எல்லாம் புதிதாகவும் மென்மையாகவும் தெரிந்தன. இருட்டு கண்ணுக்குப் பழகப் பழக, படுத்திருந்த கம்பங்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. குழந்தைகள் அவற்றைத் தாண்டித் தாண்டி ஓடினார்கள்.

"அக்கா! எங்கக்கா இருக்க?"

வீட்டுப் படியில் தம்பி நின்றிருந்தான். ராத்திரி ஷிப்டுக்கான காக்கிச் சட்டை, கையில் பஸ் சாவி. இன்றோடு இந்த வேலை முடிகிறது.

"இங்கதான் இருக்கேன். வா, மேல பாரு."

அவன் படியிறங்கினான். நாலடி வைத்தான். பிறகு கம்பத்தில் இடறிக் குப்புற விழுந்தான்.

"தடால்!" என்று தெருவே ஒரே குரலில் கத்தியது. சிரிப்பு கிளம்பியது. அவனும் மண்ணிலிருந்தபடியே சிரித்தான்.

பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வயதுக் குழந்தை தாண்டிப் போகிற கம்பம் அது.

அருகில் போய் அவனைத் தூக்கிவிடக் கையை நீட்டினாள். அவன் பிடிக்கவில்லை. கை அவன் மூக்குக்கு நேராக இருந்தது. அவன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, "அக்கா, போய்ட்டியா?" என்றான்.

"இங்கதான் நிக்கறேன்," என்றாள். "மேல பாரு. என்ன தெரியுது?"

"எல்லாருக்கும் தெரியறதுதான்."

"அதான், என்ன தெரியுது?"

சிரிப்பு அவன் முகத்திலிருந்து மெல்லப் போனது. சுற்றிலும் ஆட்கள் "அதோ, அதோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் அந்தக் குரல்களின் பக்கம் திரும்பினான், வானத்தின் பக்கம் அல்ல.

"நெசமாவே ஏதாவது தெரியுதாக்கா?" என்றான் தாழ்ந்த குரலில். "வெறும் கண்ணுக்கே தெரியுதா? அதெல்லாம் மலை மேல போய் பெரிய கண்ணாடி வச்சுப் பாத்தாத்தான் தெரியும்னு நெனச்சேன். இருட்டுன்னா எல்லாருக்குமே கறுப்பாத்தானே இருக்கும்?"

அந்த நேரத்தில் அம்மாவின் கதவு திறந்தது.

ஒரு வாரமாகப் பிடிவாதமாகச் சாத்தியிருந்த கதவு. அம்மா ஓடிவந்தாள். கையில் டார்ச். வேறு யாராக இருந்தாலும் விழுந்தவனின் முகத்தில்தான் அடித்திருப்பார்கள். அம்மாவின் வெளிச்சம் நேராக அவன் காலடியில் விழுந்தது. அடுத்த அடி வைக்க வேண்டிய இடத்துக்கு நகர்ந்தது. பிறகு அதற்கடுத்த இடத்துக்கு. எத்தனையோ வருஷம் செய்து பழகிய கை அது.

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். தியேட்டரில் எப்போதும் அவன் கையைப் பிடித்துக்கொண்டே போகிற அம்மா. பொழுது சாயறதுக்குள்ள வந்துடு என்கிற அம்மா. அவன் பஸ் திரும்பி வருகிறவரை ஜன்னலில் நிற்கிற அம்மா.

"உங்களுக்கு இது முன்னாலயே தெரியும்," என்றாள்.

அம்மா டார்ச்சை வீட்டு வாசல் பக்கம் திருப்பினாள்.

•

மூவரும் வீட்டுக்குள் வந்தார்கள். கூடத்து லைட்டைப் போட்டதும் தம்பிக்குக் கண் திரும்பி வந்தது. முழங்கையில் சிராய்ப்பு. ஓரத்தில் அவன் கட்டிவைத்த பெட்டி, நாளைக்குத் தயாராக.

தெருமுனையில் ராத்திரி ஷிப்ட் ஆட்கள் கூடிவிட்டார்கள். "தடால், பஸ் எடுக்கலியா?" என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

அவன் எழுந்தான். பெரியவள் வாசலை மறித்துக்கொண்டாள்.

"எங்க போற?"

"டூட்டிக்கு. ஹெட்லைட் இருக்கே. ரோடு எனக்கு மனப்பாடம்."

"ஹெட்லைட் விழற எடம் மட்டும் ரோடு இல்லடா. பக்கத்துல யாராவது நடந்து வந்தா? வளைவுல சைக்கிள் வந்தா?"

"இத்தனை நாள் ஒண்ணும் ஆகலியே!"

"இத்தனை நாள் பெரிய விளக்கு இருந்தது."

அவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. நாளைக்கு ஓட்டப்போகிற பஸ், ஐம்பது பேர் தூங்குகிற பஸ், விளக்கே இல்லாத நீண்ட ரோடு. அதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவளுக்கும் அதுதான் தெரிந்தது. நாளை ராத்திரி இவன் அதை ஓட்டக் கிளம்பியிருந்தால்? நினைப்பை அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

சாவியை அவனே அவள் கையில் வைத்தான்.

"ஆக, நான் ஓட்டல," என்றான். "நெருப்புதான் ஓட்டிட்டு இருந்திருக்கு."

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினான். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "உனக்கு எப்பலேர்ந்தும்மா தெரியும்?"

அம்மா டார்ச்சை அணைத்தாள், போட்டாள், அணைத்தாள். "உனக்கு அஞ்சு வயசு. சாயங்காலமானா சுவரைத் தடவித் தடவி நடந்த. டாக்டர்கிட்ட காட்டினோம். மாலைக்கண்ணு, பொறப்புலயே வந்தது, மருந்து இல்லன்னாரு. ஆனா வயசோட அதிகமாகாது, பகல்ல ஒரு குறையும் இருக்காது, இருட்டு இல்லாத எடத்துல இருந்தா எல்லாரையும் மாதிரி இருப்பான்னாரு."

"அதனால?"

"அதனாலதான் இந்த வீடு."

கூடத்தில் ஜன்னல் கண்ணாடி அதிரவில்லை. இன்று அதற்கு அதிர ஒன்றுமில்லை. அந்த அமைதியில் அம்மாவின் மூச்சுகூடக் கேட்டது.

"உங்கப்பா வேண்டாம்னாரு. கரியும் புகையும், பிள்ளைங்க இருமும்னாரு. நான்தான் அழுது வாங்கினேன். இருட்டே வராத வீடு ஊர் உலகத்துல வேற எங்கடா கெடைக்கும்? உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு உங்கப்பாகிட்ட சத்தியம் வாங்கினேன். சொன்னா பயந்துடுவ. ஊர் ஒண்ணு சொல்லும். தெரியாமலே இருந்துட்டா இல்லாத மாதிரிதானேன்னு..." அம்மாவால் முடிக்க முடியவில்லை. பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு சின்ன நெருப்பாவது விட்டு வைடி. உன் கையிலதானே இருக்கு. ஊரு அண்ணாந்து பாக்க நட்சத்திரம் எதுக்கு? என் பிள்ளைக்கு வழி தெரியணும்."

மேலே போகிற புகையை அளக்கப் பெரியவளுக்குத் தெரியும். பாறை எவ்வளவு தாங்கும் என்று தெரியும். கரி படிந்த துணியை வாய் திறக்காமல் மறுபடி மறுபடி துவைத்த இந்தக் கைகளை அவள் கணக்கில் எடுத்ததே இல்லை. அம்மாவுக்கு நெருப்பின் மேல் பாசம் என்றல்லவா நினைத்திருந்தாள்!

சட்டென்று கண்ணாடி அதிர்ந்தது.

மேற்குச் சுவர் ஆரஞ்சாக மாறியது. வேப்பமர நிழல் கூரைவரை ஏறி இறங்கியது. தெருவில் "அட" என்று ஏமாற்றத்தில் ஒரு முனகல். பழைய இரைச்சல் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

பெரிய விளக்கு திரும்ப எரிந்தது.

போன் அடித்தது. கண்ட்ரோல் ரூம். "மேடம், கம்ப்ரஸர் நின்னுடுச்சு! அதுக்கு முன்னால இருக்கிற தொட்டில திரவம் நெரம்பிடுச்சு. வாயுவோட இவ்வளவு திரவம் எங்கேர்ந்து வந்துதுன்னே தெரியல. சாயங்காலம்வரைக்கும் சொட்டுகூட இல்ல."

சாயங்காலம்வரை. பெரியவள் கண்ணை மூடினாள். வாயுவை எடுத்து வருகிற குழாய் நெருப்பின் அடியிலேயே போகிறது. இத்தனை வருஷமும் அந்த அனல் அதைச் சூடாக வைத்திருந்தது. இன்று நெருப்பு இல்லை, வெயிலும் போயிற்று. குழாய் முதல்முறையாகக் குளிர்ந்திருக்கிறது. குளிர்ந்ததும் வாயுவிலிருந்த கனமானது திரவமாக இறங்கியிருக்கிறது. பாறையை எல்லாம் கணக்குப் போட்டவள், ஒரு குழாய்க்கு இருட்டு எப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை.

"திரவத்தை வடிச்சு எடுங்க," என்றாள். "குழாயைச் சுத்தி மூடணும், சூடு போகாம. நான் வர்றேன்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அம்மாவின் முகம் அந்த வெளிச்சத்தில் மலர்ந்திருந்தது. மறைக்கக்கூட முயலவில்லை.

"பாத்தியா! வெளிச்சம் வந்துடுச்சு. இப்போ ஓட்டலாம்டா, போ. உன் அக்காவையும் கூட்டிட்டுப் போ. இந்த ஒரு ராத்திரி..."

தம்பி ஜன்னலருகே போய் நின்றான். அவனுக்கு இப்போது எல்லாம் தெரிந்தது. ரோடு, வளைவு, பஸ், காத்திருக்கிற ஆட்கள். கண்ணீரில் முகமெல்லாம் நனைந்திருந்தது. பெரியவளின் கையிலிருந்த சாவியை ஒருமுறை பார்த்தான். எடுத்துக்கொள்வான் என்றுதான் அவள் நினைத்தாள்.

"தெருமுனைல நிக்கிற வெல்டர் அண்ணன்கிட்ட பெரிய வண்டி லைசென்ஸ் இருக்கு," என்றான். "அவர்கிட்ட சாவியைக் குடு."

"தம்பி..."

"போக்கா. போய் அணை."

"நாளைக்கு?" என்றாள் அவள். பெட்டி அங்கேயே இருந்தது.

"நாளைக்குக் கெளம்பத்தான் போறேன். ஓட்ட இல்ல."

"பின்ன எங்க?"

"நீ மொதல்ல அணைச்சுட்டு வா."

அவள் ஓடினாள். படுத்திருந்த கம்பங்களைத் தாண்டி, நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி, சாவியை வெல்டரின் கையில் போட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினாள். வண்டி திரும்பும்போது ஜன்னல் வழியாக வீட்டைப் பார்த்தாள்.

வாசல் பட்டப்பகலாக இருந்தது. தம்பி படியில் நின்றிருந்தான். இரண்டு கண்களையும் இறுக மூடியிருந்தான். ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, காலால் அடுத்த படியைத் தேடித் தேடி இறங்கிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து அம்மாவின் கை அவனைப் பிடிக்க நீண்டது. பாதி வழியில் நின்றது. பிறகு மெல்ல இறங்கிவிட்டது.